ஒரே பெட்டி, வேறு நெருப்பு

லண்டனில் ஜனவரி மாதக் காலை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் ஒன்றே சூடாக்கும் காம்பி பாய்லர், சமையலறை அலமாரிக்குள் ஒரு பிழை எண்ணை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக், சர்க்யூட் போர்டு போய்விட்டது என்றார். புதிது வாங்கக் கை வரவில்லை. நண்பர் வீட்டு கராஜில் கழற்றிப்போட்ட பாய்லர் ஒன்று கிடந்தது. அதே கம்பெனி, அதே வெள்ளைப் பெட்டி, அதே பொத்தான்கள். என்னுடையது 24 கிலோவாட், அது 30. போர்டைக் கழற்றி எடுத்துவந்து பெருமையாக நீட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான மெக்கானிக் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அண்ணை, நீங்கள் பெட்டியைத்தான் பாத்திருக்கிறியள். நம்பரைப் பாக்கேல்லை."

அவர் சொன்னது புரிய, உள்ளே நெருப்பு எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பங்கு இயற்கை எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று வேண்டும். இன்றைய பாய்லர்கள் பலவற்றில் இதைத் தனியாக அளந்து கலப்பதில்லை; காற்றே கேஸை இழுத்துவருகிறது. ஃபேன் காற்றை உறிஞ்ச, அது உடுக்கை போல இடை சிறுத்த வெஞ்சுரிக் குழாய் வழியே பாய்கிறது. அந்த இடையில் அழுத்தம் குறையும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப கேஸ் வால்வு திறந்துகொடுக்கும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் காற்றும் கேஸும் சேர்ந்தே கூடும். ஆக, பாய்லரின் சக்தி என்பது ஃபேனின் வேகம்தான். எந்த வேகத்தில் பற்றவைப்பது, எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற எண்களெல்லாம் போர்டில் இருக்கின்றன.

சில வரிசைகளில் ஒரே போர்டு பல மாடல்களுக்கு வரும். மாட்டியபின் "நீ இந்த மாடல்" என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். வையலண்ட் பாய்லர்கள் பலவற்றில் டி.93 என்ற அமைப்பில் மாடலுக்குரிய எண்ணைப் போட வேண்டும். வொர்ஸ்டர் பாஷ் மாடல்கள் பலவற்றில் அதற்கென்றே சின்னதாக ஒரு கோட் ப்ளக் உண்டு. அந்த எண் தவறினால் 24-இன் உடம்பில் 30-இன் நெருப்பு எரியும். வெஞ்சுரியின் அளவோ பர்னரோ வேறாக இருந்தால் கலவையே கெடலாம். காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேஸ் வால்வு இன்னும் ஏமாற்றும். பல பாய்லர் கம்பெனிகள் வால்வை எஸ்ஐடி, ஹனிவெல் போன்றவர்களிடம்தான் வாங்குகின்றன. இரண்டு பாய்லரில் ஒரே பெயர் பொறித்த வால்வைப் பார்த்ததும் நமக்கு ஆசை வரும். ஆனால் உள்ளே கேஸின் அளவைச் சரிசெய்யும் திருகு, தொழிற்சாலையில் அந்தந்த மாடலுக்கென்று திருப்பி வைக்கப்பட்டது.

சென்சார் பார்க்க அப்பாவி. பைப்பில் கவ்வியிருக்கும் பட்டாணி அளவுப் பொருள், சூடு ஏற ஏற மின்தடை குறையும். 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டுவது ஒரு வகை, 12 காட்டுவது இன்னொரு வகை. 10-ஐ எதிர்பார்க்கும் போர்டில் 12-ஐ மாட்டினால் பிழை எண் எதுவும் வராது, பாய்லர் சமர்த்தாக ஓடும். என்ன, தண்ணீர் 80 டிகிரியில் இருக்கும்போது போர்டு அதை ஏறக்குறைய 74 என்று நினைத்துக்கொண்டிருக்கும். பொருந்தாத பாகத்தைவிட, பொருந்திவிடும் தப்பான பாகம்தான் எனக்குப் பயம்.

தண்ணீர்ப் பக்கம் இவ்வளவு கெடுபிடி இல்லை. பம்ப், சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு, பிரஷர் கேஜ் எல்லாம் பல மாடல்களுக்குப் பொதுவாகவே வரும். குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் மட்டும் தகடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்த தகடுள்ளதைப் பெரிய பாய்லரில் வைத்தால் நெருப்பின் சூட்டை அது வாங்கிக்கொள்ளாது. பாய்லர் அணைந்து அணைந்து எரியும்.

எது எதற்குப் பொருந்தும் என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. பிரிட்டனில் விற்கும் பாய்லர்களின் தகவல் தகட்டில் மாடலை அடையாளம் காட்டும் ஜிசி எண் இருக்கும். காம்பி என்றால் 47-இல் தொடங்கும். அதை வைத்துப் பாகப் பட்டியலைத் தேடி, பாகத்தின் எண் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் என்று கம்பெனியே அறிவித்திருந்தால் அதுவும் சரி. கேஸில் கை வைப்பவர் கேஸ் சேஃப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2009-இல் கோர்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்தது அது.

கடைசியில் புதுப் போர்டுதான் வந்தது. மாட்டி, மாடல் எண்ணைப் போட்டுவிட்டு, அவர் புகைக்குழாயில் புகையை அளக்கும் அனலைசரைச் செருகினார். கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004-ஐத் தாண்டக் கூடாதாம், எங்களுடையது 0.0008. அப்புறம் கராஜ் பாய்லரைப் பற்றி அவரே கேட்டார். என் டைவர்ட்டர் வால்வின் மோட்டாரும் இழுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டையும் திருப்பிப் பார்த்தார், பாக எண் ஒன்றேதான். அதை மட்டும் கழற்றி மாட்டிவிட்டுப் போனார்.