சட்டைப்பைக் கமராவும் ஒளியின் தூறலும்

திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மாலை வேளைகளில் டச்சுக் குடாக் கடற்கரையில் விளையாடும் தம் பிள்ளைகளையும், வீட்டு விசேடங்களையும், பாடசாலைக் கலைவிழாவில் மாணவிகள் ஆடும் நடனங்களையும் படமாகவும் வீடியோவாகவும் எடுப்பதற்கு, கைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்க அவர் எண்ணியிருக்கிறார். அவருடைய கைத்தொலைபேசியின் பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய, தொலைபேசியைவிட விலை கூடிய கமராவிலோ 20 மெகாபிக்சல்தான். “குறைந்த எண்ணுக்குக் கூடிய காசு கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?” என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, ஒளி கமராவுக்குள் எப்படி வந்து விழுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடிப்படை நாம் பாடசாலையில் படித்ததுதான். முன்னால் உள்ள வில்லைத் தொகுதி காட்சியின் விம்பத்தைச் சிலிக்கனால் ஆன ஒரு சிறு தகட்டின்மேல் விழுத்துகிறது. உணரி எனப்படும் அத்தகடு பல இலட்சம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; ஒரு கட்டம் ஒரு பிக்சல், பத்து இலட்சம் பிக்சல் ஒரு மெகாபிக்சல். ஒளி போட்டன்கள் என்னும் சக்திப் பொட்டலங்களாக வருகிறது என்பது 1905 இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த கருத்து. சிலிக்கனுக்குள் உறிஞ்சப்படும் ஒவ்வொரு போட்டனும் ஓர் இலத்திரனை விடுவிக்கிறது. கட்டத்தில் சேர்ந்த இலத்திரன்களின் அளவு எண்ணாக மாற்றப்படுகிறது. நிறத்துக்காகக் கட்டங்களின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கின்படி அவற்றுள் பாதி பச்சை, ஏனெனில் வெளிச்ச வேறுபாட்டை நம் கண் பச்சையில்தான் நுட்பமாக உணர்கிறது.

இனி நான் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை நம் ஊரில் தொடங்கும் நாளொன்றில், முற்றத்துச் சீமெந்துத் தரையில் முதல் துளிகள் விழும் அந்த அரை நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். மழை முற்றம் முழுவதும் ஒரே அளவாகத்தான் பெய்கிறது. ஆயினும் ஒரு சாண் சதுரத்தில் நான்கு துளிகள் விழுந்திருக்கும், பக்கத்துச் சதுரத்தில் ஒன்பது, அதற்கடுத்ததில் இரண்டு. எந்தத் துளியும் மற்றத் துளியைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தரை எங்கும் ஒரே நனைவாக இருக்கும். ஏற்றத்தாழ்வு அப்போதும் இருக்கிறது. ஆனால் விழுந்த துளிகளின் தொகைக்கு முன்னால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகிறது.

போட்டன்களும் இவ்வாறே விழுகின்றன. ஒரு கட்டத்தில் சராசரியாக எத்தனை போட்டன்கள் விழுகின்றனவோ, அந்த எண்ணின் வர்க்கமூலமே ஏற்றத்தாழ்வின் அளவு. சராசரி 25 என்றால் ஏற்றத்தாழ்வு 5, அதாவது 20 வீதம். சராசரி 100 என்றால் ஏற்றத்தாழ்வு 10. அது 10 வீதமாகிறது. சராசரி 10,000 ஆக உயர்ந்தால் ஏற்றத்தாழ்வு 100 தான். வெறும் 1 வீதம். வெயிலில் எடுத்த படத்தில் சுவர் வழவழப்பாகத் தெரிவதற்கும், குத்துவிளக்கின் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அதே சுவர் மணல் தூவியதுபோலத் தெரிவதற்கும் முதன்மைக் காரணம் இந்த வர்க்கமூலமே. கமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது ஏற்றத்தாழ்வைச் சேர்க்கிறது என்றாலும், இன்றைய உணரிகளில் அது ஒரு சில இலத்திரன்கள் அளவுக்குக் குறைந்துவிட்டது. குறையே இல்லாத உணரியை ஒருவர் செய்தாலும் அந்த மணல் படத்தில் இருந்தே தீரும், ஏனெனில் அது ஒளியினுடைய இயல்பு. இருட்டில் எடுத்த ஒரு சாதாரணக் குடும்பப் படத்தை விரித்துப் பார்க்கும்போது, ஒளி துணிக்கைகளாக வருகிறது என்ற உண்மையையே நாம் கண்ணால் காண்கிறோம் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1942 இல் ஹெக்ட், ஷ்லேயர், பிரென் என்னும் மூவர், இருளுக்குப் பழகிய மனிதக் கண் ஐந்து முதல் பதினான்கு வரையான போட்டன்களை உறிஞ்சினாலே ஒளிக்கீற்றொன்றைக் கண்டதாக உணர்கிறது என்று காட்டியபோதும், அவர்கள் துணையாகக் கொண்டது இதே ஏற்றத்தாழ்வுக் கணக்கைத்தான்.

ஆகவே கமராவைத் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய கேள்வி, இக்கருவி எத்தனை போட்டன்களைச் சேர்க்கும் என்பதே. சேர்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு: பரப்பைக் கூட்டுவது, வில்லையின் வாயை அகலப்படுத்துவது, நேரத்தை நீட்டுவது.

பரப்பில் தொடங்குவோம். மலிவான சட்டைப்பைக் கமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை உணரி. அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். விலை கூடியவற்றில் இருக்கும் 1 அங்குல வகையோ 13.2 க்கு 8.8 மில்லிமீற்றர், அதாவது 116 சதுர மில்லிமீற்றர். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர் அல்லவா, இதன் மூலைவிட்டம்கூட 16 மில்லிமீற்றர்தானே என்று நீங்கள் அளந்து பார்த்துக் கேட்கலாம். பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாய்களின் வெளிக் கண்ணாடி விட்டத்தைக் கொண்டு பெயரிட்ட வழக்கம் குழாய்கள் மறைந்த பின்னும் தொடர்வதால் வந்த குழப்பம் அது. பெட்டியில் அங்குலக் கணக்கைக் கண்டால் மில்லிமீற்றர் அளவைத் தேடிப் பாருங்கள். இரண்டு உணரிகளும் 20 மெகாபிக்சல் என்று வைத்துக்கொண்டால், பெரியதன் ஒவ்வொரு கட்டமும் நான்கு மடங்கு போட்டன்களைப் பெறும். மேலே சொன்ன 20 வீத மணல் 10 வீதமாகக் குறையும். மெகாபிக்சல் என்பது முற்றத்தை எத்தனை சதுரங்களாகக் கோடு போட்டுப் பிரித்தோம் என்பதைச் சொல்லும் எண். கோடுகளைக் கூட்டினால் மழை கூடாது. 108 மெகாபிக்சல் தொலைபேசிகளும் வழமையாக ஒன்பது கட்டங்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன.

தொலைபேசியைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடுத்தர விலைத் தொலைபேசிகளின் பிரதான உணரி 1 அங்குல வகையின் ஏறத்தாழப் பாதிப் பரப்போ அதற்கும் குறைவோதான் என்றாலும், அவை பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கணினி முறையில் ஒன்றுசேர்த்து, நேரத்தை நீட்டுவதன் மூலம் போட்டன்களைப் பெருக்கிக்கொள்கின்றன. அசையாத காட்சிக்கு இது அருமையான வழி. எங்கள் ஊர்ச் சுவாமிமலையில் நின்று அந்திக் கடலை எடுப்பதற்குத் தொலைபேசியே போதும். ஆனால் மேடையில் சுழலும் பெண்ணின் கை, ஒன்றுசேர்க்கும் படங்களுள் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். அங்கே அந்த உத்தி தடுமாறுகிறது.

அத்துடன், நடனத்தைப் பெற்றோர் வரிசையிலிருந்து எடுப்பதற்கு உருப்பெருக்கம் வேண்டும். தொலைபேசியில் விரல்களால் மூன்று மடங்கு பெருப்பித்தால், உணரியின் நடுப்பகுதியில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே பயன்படுகிறது. தனித் தொலைநோக்கு வில்லை உள்ள தொலைபேசிகளிலும் அதன் பின்னாலுள்ள உணரி பொதுவாகச் சிறியது. வில்லைகள் உண்மையாகவே நகர்ந்து உருவைப் பெரிதாக்கும் கமராவில் உணரியின் முழுப் பரப்பும் வேலை செய்கிறது. எங்கள் ஆசிரியையின் தேவைக்குக் கமரா வெல்வது இந்த இடத்தில்தான்.

வில்லையின் வாயைக் குறிப்பது எஃப் எண். எண் சிறிதானால் வாய் அகலம். எஃப் 1.8 என்ற வில்லை, எஃப் 5.6 என்ற வில்லையைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியைத் தருகிறது. 30 மடங்கு உருப்பெருக்கம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் கமராக்களில் உணரி சிறியது. உருவைப் பெருப்பிக்கும்போது வாயும் ஒடுங்குகிறது. அத்தகைய ஒரு கமராவைச் சிவராத்திரி இரவில் கோணேசர் ஆலயத்துக்குக் கொண்டுபோய், வீடு திரும்பி மணல் மணலான படங்களைப் பார்த்து வருந்திய அனுபவம் எனக்கு உண்டு. அதே கமரா, திருகோணமலைக் கடலுக்குத் திமிங்கிலம் பார்க்கச் சென்ற பகற்பொழுதிலும், பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களை எடுத்தபோதும் குறையில்லாத படங்களைத் தந்தது. பகலில் ஒளி மழையாகக் கொட்டும்போது சிறு பாத்திரமும் நிரம்பிவிடுகிறது. பகலில் தூரத்தில் உள்ளவற்றை எடுப்போருக்கு அந்த வகை பொருத்தமானது. மாலையிலும் மண்டபத்துக்குள்ளும் மனிதரை எடுப்போருக்கு, சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் எஃப் 1.8 முதல் 2.8 வரையான வில்லை கொண்டவை, அல்லது கெனன் ஜி7 எக்ஸ் போன்ற 1 அங்குல வகைக் கமராக்களே ஏற்றவை. ரிக்கோ ஜிஆர் 3 அதைவிட மூன்று மடங்கு பரப்புள்ள உணரியைச் சட்டைப்பைக்குள் அடக்குகிறது. ஆனால் அதில் உருப்பெருக்கமே கிடையாது.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் கமரா ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும் என்று பலர் நம்புகின்றனர். அது வந்து சேர்ந்த இலத்திரன் கணக்கைப் பெருக்கிக் காட்டும் அளவு மட்டுமே. படம் வெளிச்சமாகிறது, மணலும் சேர்ந்து பெருகுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை வீடியோவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விநாடிக்கு 25 சட்டகம் எடுக்கும்போது ஒரு சட்டகத்துக்கு 1/25 விநாடிக்கு மேல் கிடைக்காது. வழமையாக 1/50 விநாடியே பயன்படுகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று என்பதால், குழல்விளக்குகளும் மலிவான எல்ஈடி விளக்குகளும் சுற்றுக்கு இரு தடவையாக விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. உணரியோ கட்டங்களை வரிசை வரிசையாக வாசிக்கிறது. ஒவ்வொரு வரிசையும் 1/50 அல்லது 1/100 விநாடிக்கு ஒளியைச் சேர்த்தால், எந்தக் கணத்தில் தொடங்கினாலும் முழுத் துடிப்புகளே அதற்குக் கிடைக்கும். 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்காக 1/60 என்று அமைத்த கமராவில் ஒரு வரிசைக்குக் கூடுதலாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் ஒளி கிடைக்க, மண்டப வீடியோவில் கரும்பட்டைகள் ஊர்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த கமராவை உடனே, 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கான PAL என்னும் வீடியோ முறைக்கும் 25 சட்டகத்துக்கும் மாற்றிவிடுங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி கமராவின் அசைவை மட்டுமே நீக்கும். ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது.

சிறு கமராக்களோடு வந்த ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் கோயில் வீதியில் பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வெண்ணிற வட்டங்கள் மிதப்பதைக் கண்டு, இறந்தவரின் ஆவி என்றோ தெய்வ சாந்நித்தியம் என்றோ பலர் கலங்கவும் பரவசப்படவும் செய்கின்றனர். சட்டைப்பைக் கமராவில் பிளாஷ் வில்லைக்கு மிக அருகில் இருக்கிறது. வில்லைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மிதக்கும் தூசியோ கடற்சாரலின் நுண்துளியோ அந்த ஒளியை நேரே வில்லைக்குத் திருப்பி அனுப்ப, குவியத்துக்கு வெளியே இருப்பதால் அது வட்டமாக விரிந்து பதிகிறது. புறாத்தீவில் நீருக்கடியில் படமெடுக்கும் சுழியோடிகள் பிளாஷைக் கமராவிலிருந்து விலக்கி நீட்டிப் பிடிப்பது இதைத் தவிர்க்கத்தான். பக்தியில் எனக்குக் குறையில்லை. ஆனால் துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் இத்தகைய வட்டத்தைக் காட்டிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களை நாம் பேசாமல் விட்டுவிடக் கூடாது.

இந்த உணரிகளின் வரலாறும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் டிஜிட்டல் கமராக்களின் முந்தைய வகை உணரியான சிசிடியை உருவாக்கியபோது அவர்கள் சிந்தித்துக்கொண்டிருந்தது கணினி நினைவகத்தைப் பற்றி. நோபல் பரிசு 2009 இல்தான் வந்தது. இன்று நம் கையிலுள்ள சிமொஸ் உணரி, 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தில் எரிக் ஃபொசம் குழுவினர் விண்கலங்களின் கமராவைச் சிறிதாக்க முயன்றதன் விளைவு. பிள்ளைகளைப் படமெடுக்கும் கமரா செய்யுங்கள் என்று எவரும் இவர்களுக்குப் பணம் ஒதுக்கவில்லை. இலங்கை ஆய்வுக்குச் செலவிடும் தொகை தேசிய உற்பத்தியில் ஒரு வீதத்துக்கு அருகில்கூட வராத நிலையில், உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தட்டிக்கழிக்கும் வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடற்கரை ஊரில் கமரா வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. வில்லை வெளியே நீண்டு உள்ளே சுருங்கும்போதெல்லாம் உப்பும் ஈரமும் கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காலப்போக்கில் கண்ணாடியில் பூஞ்சணம் படர்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வைப்பது நல்லது. பழைய கமரா வாங்குவதென்றால், வில்லைக்குள் கைமின்விளக்கை அடித்துச் சிலந்தி வலைபோன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

ஆசிரியைக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. ஒரு கறுப்புத் துணியைக் கடைக்குக் கொண்டுபோய், மேசைக்கடியில் நிழலில் விரித்து, பத்தடி தள்ளி நின்று, தொலைபேசியை மூன்று மடங்குக்குப் பெருப்பித்து ஒரு படமும், கமராவின் வில்லையை அதே அளவுக்கு நீட்டி ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். பிறகு அதே துணியை ஒருவரைக் கொண்டு அசைக்கச் சொல்லி, இரண்டிலும் வீடியோ எடுத்துப் பார்க்கச் சொன்னேன். துணியின் மடிப்புகள் கமராவில் தெளிவாகத் தெரிந்து, தொலைபேசியில் சேறாகக் கலங்கினால், அந்த 20 மெகாபிக்சலுக்குக் காசு கொடுக்கலாம்.