மின்காப்பு – சொல் விளக்கம்

உவரிக் கடற்கரைப் பக்கம் காற்று ஓய்ந்த பனி இரவில் மின்கம்பத்துக்குக் கீழே நின்றால் "சொர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் பீங்கான்மேல் ஊதா நிறத்தில் பொறி நெளியும். லைன்மேனிடம் கேட்டால், "இன்சுலேட்டர்ல கடல் உப்பு ஏறியிருக்கு அண்ணாச்சி, கழுவிவிட்டாச் சரியாயிரும்" என்பார். உப்பும் ஈரமும் சேர்ந்தால் பீங்கானின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசியும்.

'ஆர்கானிக் தின் ஃபிலிம் டிரான்சிஸ்டருக்கான பாலிமர் இன்சுலேட்டர்' என்ற தொடரைத் தமிழில் எப்படி எழுதலாம்? இன்சுலேட்டரிலிருந்து தொடங்குவோம். 'இன்சுலா' என்பது லத்தீனில் தீவு. மின்சாரம் உள்ளதைத் தீவுபோலத் தனித்து நிற்க வைப்பது இன்சுலேட்டர். தமிழில் 'மின்கடத்தாப் பொருள்' என்றும் 'மின்காப்பு' என்றும் எழுதுகிறோம். என் மனம் இரண்டாவதன் பக்கம். கா என்பது வினை; அதிலிருந்து பிறந்தது காப்பு. கையில் போடுவதும் காப்பு, நூலின் முதலில் பாடுவதும் காப்பு. எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. எல்லை கட்டிக் காக்கிற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கடத்தா' என்பது, அது செய்யாத வேலையை மட்டும் சொல்கிறது.

செய்கிற வேலை என்ன என்பது கரிம மென்படல டிரான்சிஸ்டரில் தெளிவாகத் தெரியும். கரிமச் சேர்மத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்த, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி அது. அதில் திறப்பதையும் மூடுவதையும் ஆளும் 'வாயில்' (கேட்) மின்முனைக்கும், மின்னோட்டம் ஓடுகிற கரிமக் குறைகடத்திக்கும் நடுவே ஒரு காப்புப் படலம் இருக்கும். வாயிலில் மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் அந்தப் படலத்தைத் தாண்டாது, மின்புலம் தாண்டும். தாண்டிய புலம் குறைகடத்தியின் ஓரத்தில், படலத்தை ஒட்டிய சில மூலக்கூறு அடுக்குகளுக்குள், மின்னூட்டங்களைக் கூட்டிச் சேர்க்கும். மின்னோட்டத்துக்கு அதுவே பாதை. 1830களில் மின்னியல் அறிஞர் ஃபாரடே கேட்டதற்கு இணங்க ஆங்கில அறிஞர் விவெல், இப்படிப் புலத்தைத் தாண்டவிடும் காப்புக்கு 'டைஎலக்ட்ரிக்' என்ற சொல்லைப் படைத்தபோது, 'ஊடாக' என்னும் பொருள்தரும் கிரேக்க 'டயா'வை முன்னே வைத்தது இதனால்தான். புலத்தைப் படலம் எவ்வளவு ஏற்கிறது என்ற அளவுக்கு நம் பாடநூல் 'விடுதிறன்' என்கிறது. அருமையான சொல். 'கடத்தா' என்று பேர் வைத்துவிட்டு அதற்கு விடுதிறன் உண்டு என்றால், படிக்கிற பிள்ளை குழம்பாதா? காப்புக்கு விடுதிறன் உண்டு என்றால் குழப்பமில்லை.

அடுத்து 'பாலிமர்'. இது 1833இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் வைத்த பெயர். பாலி என்றால் பல, மெரோஸ் என்றால் பகுதி. நீண்ட சங்கிலி மூலக்கூறு என்ற இன்றைய பொருளுக்கு 1920இல் ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கர் வழிதிறந்தார். தமிழில் 'பலபடி', 'பல்லுறுப்பி' இரண்டும் வழக்கில் உண்டு. உறுப்பு உறுப்பாகக் கோத்தது என்பதால் பல்லுறுப்பியே பொருந்தும்.

சிலிக்கன் சில்லின்மேல் ஆக்சைடு காப்பை வளர்க்க 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். வளைகிற பிளாஸ்டிக் தாள் அதைத் தாங்காது. பல்லுறுப்பியைக் கரைத்து ஊற்றிச் சுழற்றினாலே படலமாகப் படியும். பல வகைகளுக்கு 200 டிகிரிக்குள் வேலை முடியும். வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் சார்பு விடுதிறன் சிலிக்கன் ஆக்சைடுக்கு 3.9, பாலிஸ்டைரீன் என்ற பல்லுறுப்பிக்கு ஏறத்தாழ 2.6. விடுதிறன் கூடினால் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆனால் முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் சாயல்) மிகுந்த காப்பு, பக்கத்தில் ஓடும் மின்னூட்டத்தைத் தடுமாற வைப்பதும் உண்டு. பாலிவினைல்பீனால் என்ற பல்லுறுப்பியில் உள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் ஈரத்தை இழுக்கும், எலக்ட்ரான்களையும் பிடித்துவைக்கும். உவரிப் பீங்கானுக்குப் பகையான ஈரம் இங்கேயும் பகைதான்.

ஆகவே முழுத் தொடரை 'கரிம மென்படல டிரான்சிஸ்டருக்கான பல்லுறுப்பி மின்காப்பு' என்று எழுதலாம். டிரான்சிஸ்டரை நான் மாற்றவில்லை. ரேடியோ காலத்திலேயே அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

அரக்கையும் இந்தக் காப்புப் படலமாக்கி டிரான்சிஸ்டர் செய்து காட்டியிருக்கிறார்கள். பொன்காப்பு நசுங்காமலிருக்க ஆசாரி உருக்கி உள்ளே அடைப்பாரே, அதே அரக்கு.