‘சீல் கோட்’ – முத்திரையா, அடைப்பா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீதி வேலை நடைபெறும் இடங்களில் ‘சீல் கோட்’ என்னும் தொடர் காதில் விழுவதுண்டு. தேய்ந்து வெளிறிய தார் வீதியின் மீது நிலக்கீல் என்னும் கரிய பிசுபிசுப்பான பொருளை மெல்லிய படலமாகப் பரப்பி, மழைநீர் உள்ளே இறங்காதவாறு மேற்பரப்பை மூடும் வேலையையே இது குறிக்கிறது. இதனை ‘முத்திரைப் பூச்சு’ என்று எழுதுவது பிழை.

பிழைக்கான காரணம் சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது. இலத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம். அதன் சிறுமை வடிவமாகிய ‘சிகில்லும்’ முத்திரையைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லே ‘சீல்’ ஆயிற்று. மடித்த மடலின் மேல் உருக்கிய அரக்கை ஊற்றி முத்திரை பதித்தபோது, மடலை அனுப்பியவரின் அடையாளமும் கிடைத்தது, மடலும் இறுக மூடப்பட்டது. இவ்விரு பயன்களுள் மூடுதல் என்பது நாளடைவில் தனிப்பொருளாகப் பிரிந்து நின்றது. கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் கடிதத்தின் அடியில் குத்தும் சீல் முதற்பொருளுக்கும், வீதியிற் பூசும் சீல் இரண்டாம் பொருளுக்கும் உரியவை.

அந்த இரண்டாம் பொருள் தமிழுக்குப் புதிதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைத்து நீர் புகாமற் செய்யும் வேலைக்கு அகராதிகளில் ‘கலப்பற்று’ என்னும் சொல் உண்டு. ஒரு புறம் வாவியும் மறு புறம் கடலுமாக வாழும் எங்கள் பகுதியினருக்கு, தோணிக்குள் நீர் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வீதியின் நிலையும் அதுவே.

பூசப்படும் பொருளின் பெயரிலும் ஒரு தெளிவு வேண்டும். சங்கப் பாடல்களில் ‘தார்’ என்பது மார்பில் அணியும் மாலை. வீதிக்கு ஊற்றும் தார் ஆங்கிலத்திலிருந்து வந்த வேறு சொல். அந்த ஆங்கிலச் சொல்லும் நிலக்கரியையோ மரத்தையோ காற்றின்றிச் சூடாக்கும்போது வடியும் நெய்மத்துக்கே உரியது. இன்று வீதிகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் மசகு எண்ணெயை, அதாவது சுத்திகரிக்காத கனிய எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் கரிய பிசுபிசுப்பான பொருளாகும். கரிய பிசினைக் குறிக்கும் கீல் என்னும் சொல்லோடு நிலத்தைச் சேர்த்து ஆக்கிய ‘நிலக்கீல்’ இதற்கு மிகவும் பொருந்துகிறது. கீல்வாதத்தில் வரும் கீல் மூட்டைக் குறிப்பது. இதனோடு அதைக் குழப்ப வேண்டாம்.

கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களின் வெயிலில் நிலக்கீல் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகி, நெகிழ்வை இழந்து, நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால் சிறுகற்கள் பெயர்கின்றன. மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. மாரி தொடங்கியதும் அவ்வெடிப்புகள் வழியே இறங்கும் நீர் அடியிலுள்ள கிறவற் (சரளை) படையை இளக்கிவிட, மேலே ஓடும் வாகனங்களின் பாரத்தில் அவ்விடம் தாழ்ந்து குழியாகிறது. ஆகவே மாரிக்கு முன்பே, வறண்ட நாட்களில், வீதியை நன்றாகக் கூட்டித் துடைத்து, வெடிப்புகளை நிரப்பி, பின்னரே இப்பூச்சை இடவேண்டும். பெரும்பாலும் நீரிற் கலந்த நிலக்கீற் குழம்பையே தெளிக்கிறார்கள். தெளிக்கும்போது கபில நிறமாக இருக்கும் அக்குழம்பு, நீர் பிரிந்து ஆவியானதும் கறுத்து இறுகுகிறது. அடித்தளம் ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட இடத்தில் இந்தப் பூச்சினால் ஒரு பயனும் இல்லை.

இவற்றையெல்லாம் கருதினால் ‘அடைப்புப் பூச்சு’ என்பதே தகுந்த தமிழ் என்பது என் துணிபு. ‘கீற்பூச்சு’ என்பதும் அழகிய சொல்லே. ஆயினும் அது பொருளைச் சொல்கிறதேயன்றிச் செயலைச் சொல்லவில்லை. இவ்வேலையைப் ‘புனரமைப்பு’ என்று எழுதுவதும் பொருந்தாது. ‘புனர்’ என்னும் வடசொல் ‘மீண்டும்’ எனப் பொருள்படும். ஆகவே புனரமைப்பு என்பது பழையதைக் கிளறி எடுத்து மீண்டும் அமைப்பது. அடைப்புப் பூச்சோ அடித்தளம் இன்னும் கெடாத வீதியைக் கெடாமற் காப்பது. அதற்குப் ‘பேணல்’ என்னும் சொல் போதும்.