அலுமினியம் உருக்க எந்த மூசை?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் இரும்புக் குழாய்க்கு அடியில் தகடு வைத்து வெல்டு அடித்து மூசையாக, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரமாக, ஆக்கிக்கொள்கிறார்கள். இரும்பு உருகாது, உண்மை. ஆனால் கரையும். உள்சுவரை உருகிய அலுமினியம் அரிக்கும்; வெளிச்சுவர் தீயில் செதில் செதிலாக உதிரும்; ஒருநாள் அடி ஓட்டையாகி உலோகம் உலைக்குள் கொட்டும். எவர்சில்வருக்கும் இதே கதிதான். அதற்கு முன்பே, கரைந்த இரும்பு வார்ப்புக்குள் ஊசி ஊசியாகப் படிந்து, வார்ப்பு வளையாமல் பொட்டென்று முறியும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தொடவே வேண்டாம். அதன் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

வாங்க வேண்டியது களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்த மூசை, அல்லது சிலிக்கான் கார்பைடு மூசை. ‘ஏ’ வரிசை மூசையின் எண், அது கொள்ளும் பித்தளையின் கிலோ கணக்கு. 10ஆம் எண்ணில் அலுமினியம் சுமார் 3 கிலோதான் பிடிக்கும். விளிம்பில் இடம் விட்டு இரண்டரை கிலோவோடு நிறுத்துங்கள். கடையிலேயே விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுக்கலாம். சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல்.

புது மூசையின் ஆயுள் முதல் சூட்டிலேயே முடிவாகிறது. கிராஃபைட் என்பது கரி. 450 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் எரிந்து குறையும். அதைத் தடுக்கத்தான் மேலே கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு 800 டிகிரியைத் தாண்டி இளகிப் பரவினால்தான் துளைகளை மூடும். அலுமினிய வேலையோ 700–750 டிகிரியில் நடப்பது. நேராக அலுமினியத்தைப் போட்டு உருக்கத் தொடங்கினால் பூச்சு இளகவே இளகாது, கிராஃபைட் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பித்தளைக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால் அதை உருக்குபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் முதலில் காலி மூசையை 200 டிகிரி வரை மெல்லச் சூடாக்கி, அங்கேயே ஒரு மணி நேரமாவது வையுங்கள். ஈரம் முழுதும் போகாமல் அவசரப்பட்டால் நீராவி சுவரைப் பிளக்கும். ஈரம் போனபின் மெதுவாகப் போவதுதான் கெடுதல். தீயைக் கூட்டி, தாமதிக்காமல் 900–950 டிகிரிக்கு ஏற்றி, மூசை முழுதும் ஆரஞ்சு சாயலில் சிவந்ததும் அரை மணி நேரம் நிறுத்தி, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

மூசையைத் தீச்செங்கல் பீடத்தில் உட்காரவைத்து, இடையில் ஒரு அட்டைத் துண்டு வையுங்கள். அது கரியாகி, அடி ஒட்டாமல் காக்கும். பர்னர் சுடர் மூசையில் நேரே மோதாமல் சுற்றிச் சுழல வேண்டும்.

கட்டிகளை இறுக்கித் திணிக்காதீர்கள். சூட்டில் அலுமினியம் மூசையைவிடப் பல மடங்கு விரியும். சுவரோடு நெருக்கினால் பிளந்துவிடும். மிச்ச உலோகத்தை உள்ளேயே உறையவிடுவதிலும் இதே ஆபத்து, ஆகவே ஊற்றி முடித்ததும் முழுதும் காலிசெய்து, சூடு இருக்கும்போதே கசடைச் சுரண்டிவிடுங்கள். ஆறினால் கல்லாகிவிடும், பிறகு உளியால் தட்டினால் மூசையும் சேர்ந்து பெயரும். கசடைப் பிரிக்கும் ஃப்ளக்ஸ் உப்பை உலோகம் உருகியபின் மட்டும் தூவுங்கள். காலி மூசையில் போட்டால் சுவரைத் தின்னும். ஈரமான பழைய சாமான் உருகிய உலோகத்தில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். முன்கூட்டியே சூடாக்கிப் போடுங்கள்.

குறடு விளிம்பைக் கவ்வக் கூடாது. வயிற்றுக்குக் கீழே தழுவிப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்த மூசையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் காய்ந்த இடத்தில் வையுங்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகாதீர்கள். அவ்வப்போது வெளிச்சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். கருப்பாகக் கெட்டியாக இருந்தால் இன்னும் உழைக்கும். வெளுத்து மாவாக உதிர்ந்தால் கிராஃபைட் எரிந்துவிட்டது. அதில் இனி உலோகம் ஏற்ற வேண்டாம்.