மெயின்ஸ்ட்ரீமிங்: நீரோட்டத்தில் சேர்ப்பதா, ஊடிழைப்பதா?

பொதுத் திட்டங்களைப் பற்றிய ஆவணங்களில் நீடித்த தன்மை, பாலினச் சமத்துவம், இளையோர் பார்வை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அவற்றைத் திட்டத்திற்குள் கொண்டுவரும் செயலுக்கு ‘மெயின்ஸ்ட்ரீமிங்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. தமிழில் இது ‘மைய நீரோட்டமாக்கல்’ என்றும், ‘பொது நீரோட்டத்தில் இணைத்தல்’ என்றும், வெறுமனே ‘ஒருங்கிணைத்தல்’ என்றும் எழுதப்படுகிறது. இம்மூன்றுமே மூலச்சொல்லின் பொருளை முழுமையாகத் தரவில்லை என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்பது, பல கிளைகளாகப் பிரியும் ஓர் ஆற்றில் நீர் மிகுந்தோடும் முதன்மை ஓட்டத்தைக் குறித்த சொல். பின்னர், சமூகத்தில் மேலோங்கி நிற்கும் கருத்துப்போக்கையும் அது குறிக்கலாயிற்று. 1970களில் அமெரிக்கக் கல்வித்துறையில் இச்சொல் வினையாகப் பரவியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கிவைக்காமல் மற்றக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் பயிலச் செய்வதே அப்போது அதன் பொருள். ஒதுங்கி ஓடிய சிற்றோடை பேராற்றில் கலக்கிறது என்னும் உருவகம் அந்த இடத்தில் இயல்பாகப் பொருந்தியது. ‘பொது நீரோட்டத்தில் இணைத்தல்’ என்னும் தமிழ்த்தொடரும் அதற்கு ஏற்றதே.

பொதுத் திட்டங்களின் மொழிக்குள் இச்சொல் புகுந்தபோது பொருள் மாறியது. பாலினச் சமத்துவத்தை எல்லாத் திட்டங்களுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று 1985இல் நைரோபியில் கூடிய மூன்றாவது உலகப் பெண்கள் மாநாட்டில் முளைவிட்ட கருத்து, 1995இல் பெய்ஜிங்கில் நடந்த நான்காவது மாநாட்டின் செயல்திட்டத்தில் உறுதியான இடம் பெற்றது. 1997இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் அதற்கு ஒரு வரையறை வகுத்தது. சட்டமாயினும், கொள்கையாயினும், திட்டமாயினும், மேற்கொள்ளவிருக்கும் எந்தச் செயலும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை எல்லாத் துறைகளிலும் எல்லா நிலைகளிலும் மதிப்பிடுவது என்பது அதன் சாரம். சமமின்மை தொடராதபடி, வடிவமைப்பிலிருந்து மதிப்பீடு வரை இருபாலாரின் தேவைகளும் அனுபவங்களும் திட்டத்தின் உள்ளுறுப்பாக வேண்டும் என்றும் அந்த வரையறை கூறுகிறது. ஆக, இங்கே ஓடை ஆற்றில் சேர்வதைப் பற்றிய பேச்சே இல்லை. ஆறு எந்த வழியில் ஓட வேண்டும் என்பதே கேள்வி.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி பனி அகற்றும் முறையை இந்த நோக்கில் ஆராய்ந்தது இதற்குத் தெளிவான சான்று. முதன்மைச் சாலைகளில் முதலில் பனியை அகற்றிவிட்டு, நடைபாதைகளையும் மிதிவண்டிப் பாதைகளையும் பிறகு கவனிப்பது அங்கு வழக்கமாக இருந்தது. இதில் யாரையும் ஒதுக்கும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் கார் ஓட்டுவோரில் ஆண்கள் மிகுதி, நடந்தும் பேருந்திலும் செல்வோரில் பெண்கள் மிகுதி என்பதைக் கருத்தில் கொண்டபோது, அந்த வரிசைமுறை ஒரு சாராருக்கே சாதகமானது என்பது புலப்பட்டது. நகராட்சி வரிசையை மாற்றியது. அங்கே பெண்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் சேர்க்கப்படவில்லை. இருந்த பணியின் அமைப்பே மாறியது. இதைப் போய் ‘நீரோட்டத்தில் இணைத்தல்’ என்று எப்படிச் சொல்வது?

‘ஒருங்கிணைத்தல்’ என்பதிலும் சிக்கல் உண்டு. ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு என்னும் வழக்குகளால் அச்சொல் பல துறைகளின் பணிகளை நெறிப்படுத்துவதையே முதலில் நினைவூட்டுகிறது. இம்மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் ‘கிராஸ்-கட்டிங் இஷ்யூஸ்’ என்பதற்கு எழுதப்படும் ‘குறுக்குவெட்டு விடயங்கள்’ என்னும் மொழிபெயர்ப்போ இன்னும் தொலைவானது. எல்லாத் துறைகளையும் ஊடறுத்துச் செல்பவை என்பதை உணர்த்த எழுந்த தொடர், வடிவியலில் ஒரு பொருளை அறுத்தால் தெரியும் முகத்தை நினைக்கவைக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘ஊடிழைத்தல்’. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. அதன் குறுக்கே சென்று துணியை உருவாக்குவது ஊடு. ‘ஊடும் பாவுமாக’ என்று பிரிக்கவியலாப் பிணைப்பைச் சொல்லும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நெய்து முடித்த துணியில் ஒட்டுப் போடலாம், அதைப் பிரித்தும் எடுத்துவிடலாம். ஊடிழையை உருவினால் துணியே இல்லை. ‘இழையோடுதல்’ இன்னும் பழகிய சொல்தான் என்றாலும், ‘முகத்தில் சோகம் இழையோடியது’ என்பதுபோல மெல்லியதாய்த் தெரிவதையே அது குறிக்கும். திட்டத்தைத் தாங்கும் நூலுக்கு அது போதாது. ‘தீங்கிழைத்தல்’ என்பதன் சாயல் ‘ஊடிழைத்தல்’ என்பதிலும் படும் என்று யாரேனும் தயங்கலாம். ‘ஊடு’ முன்னே நிற்பதால் நெசவுப்பொருளே மேலெழும் என்று நம்புகிறேன்.

இழைக்கப்படும் மூன்றின் பெயர்களையும் சற்றுப் பார்க்க வேண்டும். நீடித்த தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அடியான ‘சஸ்டெய்ன்’ என்பது கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. எதிர்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குலைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சி என்று 1987இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல், வளர்ச்சிக்கான உலக ஆணையமான புருண்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கமே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ‘நீடித்த வளர்ச்சி’, இலங்கை வழக்கில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ ஆகியவை பரவியுள்ளன. ஆனால் ‘நீடித்த’ என்பது காலநீட்சியை மட்டும் சொல்கிறது. பேணிக் காக்கும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லும் ‘பேண்தகு’ என்பதே எனக்கு உவப்பானது. ‘ஜெண்டர்’ என்பதற்குப் பாலினம், பால்நிலை இரண்டுமே தகும். ‘யூத்’ என்பதற்கு ‘இளைஞர்’ என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கில் அச்சொல் ஆண்களையே முன்னிறுத்துவதால்தான் ‘இளைஞர்களும் இளம்பெண்களும்’ என்று சேர்த்தெழுத நேர்கிறது. ‘இளையோர்’ என்றால் இருவரும் அடங்குவர்.

மூன்று இழைகளும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. மின்சாரத்தைச் சேமிக்க இரவில் தெருவிளக்குகளைக் குறைப்பது பேண்தகு நோக்கில் சரியாகத் தோன்றும். இரவுப் பணி முடிந்து நடந்து வரும் பெண்ணுக்கும், மாலை வகுப்பிலிருந்து திரும்பும் மாணவிக்கும் அது அச்சத்தைத் தரும். தனித்தனி இயல்களில் எழுதினால் இந்த முரண் வெளியே தெரிவதில்லை. ஒரே வரைபடத்தின் மேல் மூன்றையும் வைத்துப் பார்க்கும்போதுதான், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஒளியைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று முடிவெடுக்க முடிகிறது.

ஆகவே ‘திட்டத்தில் பாலினச் சமத்துவத்தை ஊடிழைத்தல்’, ‘இளையோர் பார்வை ஊடிழைந்த வடிவமைப்பு’, ‘பேண்தகைமை ஊடிழைப்பு’ என்று எழுதலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொது வகுப்பில் சேர்க்கும் பழைய பொருளில் வரும் இடங்களில் மட்டும் ‘பொது நீரோட்டத்தில் இணைத்தல்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம்.