அலைக்கற்றைக்கு வாடகை எவ்வளவு?

ஒரு கடையை ஒருவரே இருபது வருடமாக நடத்துகிறார். குத்தகை முடிகிறது. இனி என்ன வாடகை கேட்பது? ஏலம் விட்டால் விலை தெரிந்துவிடும். ஆனால் வேறொருவர் எடுத்தால் பழையவரின் சரக்கும் அலமாரியும் தெருவுக்கு வந்துவிடும். ஏலம் வேண்டாமென்றால் அக்கம்பக்கத்து வாடகையை விசாரிக்க வேண்டியதுதான். செல்போன் நிறுவனங்களின் அலைக்கற்றை உரிமம் முடியும்போது அரசுகளுக்கு வருவதும் இதே தலைவலிதான்.

இந்தியா ஏலத்துக்குப் போனது. 1990களில் தந்த 20 வருட உரிமங்கள் முடிந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்த 2015 ஏலத்தில், மற்ற அலைவரிசைகளையும் சேர்த்து, நிறுவனங்கள் கிட்டத்தட்ட 1.1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? கையிலிருக்கும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை போனால் பல டவர்கள் ஊமையாகிவிடும். அந்த விலையில் அலைக்கற்றையின் மதிப்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

பிரிட்டன் விசாரிக்கும் வழியை எடுத்தது. அங்கே 900, 1800 மெகாஹெர்ட்ஸ் உரிமங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. வருடக் கட்டணம் மட்டும். அதை முழுச் சந்தை மதிப்புக்கு உயர்த்தும்படி 2010இல் அரசு உத்தரவிட்டது. சிக்கல் என்னவென்றால், 2013இல் ஏலம் போனவை 800, 2600 மெகாஹெர்ட்ஸ். அதாவது பக்கத்து வீடுகளின் விலை தெரியும், நடுவிலிருக்கும் வீட்டின் விலை தெரியாது.

ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கையாண்ட உத்திகளில் ஒன்று இது. எண்கள் கற்பனை. 800, 1800, 2600 மூன்றும் ஏலம் போன வெளிநாடு ஒன்றில் 800க்கு 40, 2600க்கு 4, 1800க்கு 16 கிடைத்தது என்று வையுங்கள். கீழ் விலையிலிருந்து மேல் விலைக்குப் போகும் தூரம் 36. அதில் 1800 ஏறியது 12, மூன்றில் ஒரு பங்கு. சரி, உள்ளூரில் 800க்கு 30, 2600க்கு 6 என்றால் இடைவெளி 24. அதில் மூன்றில் ஒன்று 8. எனவே 1800இன் விலை 14.

கணக்கு எளிது. எந்த நாட்டை எடுப்பது என்பதில்தான் சண்டை. போட்டியே இல்லாமல் அரசு வைத்த ஆரம்ப விலைக்கே முடிந்த ஏலம் சந்தை விலையைக் காட்டாது.

அப்புறம், மொத்த விலையை வருடத் தவணையாக மாற்ற வேண்டும். 100 கோடியை 20 வருடத்துக்குப் பிரித்து, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கட்டுவதாகக் கொள்வோம். வட்டி 5 சதவீதமானால் தவணை சுமார் 8 கோடி. 10 சதவீதமானால் 11.7 கோடி. பல வருட விவாதம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றை எண்களைப் பற்றித்தான்.

2013இல் ஆஃப்காம் முதலில் முன்வைத்தது வருடத்துக்கு 30.9 கோடி பவுண்டு. 2015இல் முடிவானது 19.96 கோடி. அதுவரை நிறுவனங்கள் கட்டியது 6.44 கோடி. அவற்றில் ஒன்றான இஇ (EE) என்ற செல்போன் நிறுவனம் நீதிமன்றம் போனது. சந்தை மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு, தன் மற்றக் கடமைகளை ஆஃப்காம் எடைபோடவில்லை என்று சொல்லி 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை ரத்து செய்தது. 2018 டிசம்பரில் மறுபடி கணக்குப் போட்டுப் புதுக் கட்டணம் அறிவித்தார்கள். நடுவில் கூடுதலாக வாங்கியதற்காக நிறுவனங்களுக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பித் தர வேண்டியிருந்தது.