ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னார்களா?

கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் ஆபீஸ் கம்ப்யூட்டர் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. பச்சை இலை போடும் விவசாயிகளின் எடைக் கணக்கும் பட்டுவாடா விவரமும் அதில்தான் இருந்தன. ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள், கூடவே பணம் கேட்டு ஒரு மிரட்டல் கடிதம். பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆனால் எப்போதும் செருகியபடியே இருந்ததால் அதுவும் சேர்ந்து போய்விட்டது. பேக்கப் எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

காரணம் வழக்கமானதுதான். பிடிஎஃப் திருத்த ஒரு மென்பொருள் தேவைப்பட்டிருக்கிறது. யூடியூபில் 'ஃபுல் வெர்ஷன் இலவசம்' என்று ஒரு வீடியோ, அதன் கீழே ஒரு லிங்க். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடணும்னு வீடியோலயே சொன்னாங்க சார்" என்றார் கணக்கெழுதும் தம்பி. இந்த ஒரு வாக்கியத்தை இந்த மழைக்காலத்தில் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்!

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். ஆன்டிவைரஸை அணைப்பது இன்ஸ்டால் செய்வதில் ஒரு படி கிடையாது. வீடியோ பார்க்கும் விஎல்சி கேட்காது, ஆவணம் எழுதும் லிப்ரெஆபிஸ் கேட்காது. அணைக்கச் சொல்லும் வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். 'கிராக் (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த பதிப்பு) என்பதால் தவறாக வைரஸ் என்று காட்டுகிறது' என்பார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அணைத்துவிட்டு, அடுத்து வரும் அனுமதிப் பெட்டியில் 'யெஸ்' அழுத்தினால், அந்த புரோகிராமுக்கு அட்மின் அதிகாரத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். அதன்பிறகு அது எதையும் அழிக்கலாம், எதையும் பூட்டலாம்.

கோப்பு ஜிப்பாக வந்து, 1234 என்று பாஸ்வேர்டும் கூடவே கொடுத்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்காமலே வண்டி மேலே ஏறிவிடுவது மாதிரிதான் அது; பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனரால் பார்க்க முடியாது. இத்தனைக்கும் அந்தத் தம்பி செய்ய நினைத்த சின்னத் திருத்தத்துக்கு லிப்ரெஆபிஸ் டிரா போதும். அது உண்மையிலேயே இலவசம்.

விண்டோஸில் நீல நிறத்தில் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வந்தால் உடனே வைரஸ் என்று அர்த்தமில்லை. அதிகம் பேர் இறக்காத சின்ன மென்பொருளுக்கும் வரும். நின்று, எந்தத் தளத்திலிருந்து எடுத்தோம் என்று ஒருமுறை பாருங்கள். கூகுளில் மேலே வரும் ஸ்பான்சர்டு முடிவைத் தொடாதீர்கள். விஎல்சி என்றால் வீடியோலேன் டாட் ஆர்க், அவ்வளவுதான். விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும் கோப்புகளில் இஎக்ஸ்இ நல்லதா எம்எஸ்ஐ நல்லதா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய மட்டும் என்றால் ஒன்றையுமே இறக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக் இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் சிலர் மேக்புக்கோடு வருவார்கள். "மேக்குக்கு வைரஸ் வராதே" என்ற நம்பிக்கையும் கூடவே வரும். வரும் ஐயா, வரும். அங்கே வேறு வேஷம்: 'டெர்மினலைத் திறந்து இந்த வரியை ஒட்டுங்கள்' என்று ஏதோ ஒரு தளம் சொல்லும். டெர்மினல் என்பது கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் ஜன்னல். ஒட்டாதீர்கள். 2024-இல் வந்த செகோயா என்ற மேக் பதிப்பிலிருந்து, ஆப்பிள் சரிபார்க்காத ஆப்பை ரைட் கிளிக் செய்து திறந்துவிட முடியாது. செட்டிங்ஸுக்குப் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டுமென்றே வைத்தது. இன்னொன்று, மேக் ஆப் அடங்கி வரும் டிஎம்ஜி கோப்பைத் திறந்து அதற்குள்ளிருந்தே ஆப்பை ஓட்டாதீர்கள். அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு டிஎம்ஜியை வெளியேற்றுங்கள்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் இருக்கும் பாஸ் லினக்ஸும், கூடலூர் எல்லை தாண்டிக் கேரளப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பழகும் உபுண்டு வகையும் லினக்ஸில் டெபியன் என்ற ஒரே குடும்பம். அங்கே இன்ஸ்டால் செய்ய 'டெப்' கோப்பு, ஃபெடோரா என்ற வேறு லினக்ஸுக்கு ஆர்பிஎம். அதைவிட, சாஃப்ட்வேர் சென்டரில் தேடி எடுப்பதுதான் நல்லது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய மெஷின்களுக்கு நான் இப்போது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். குறை சொல்லி யாரும் திரும்பி வரவில்லை, ஒரு பிரிண்டரைத் தவிர.

மலையில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. காற்றுமழையில் மரம் விழும், கரண்ட் போகும், நெட் அறுந்துவிடும், டவுன்லோட் பாதியில் நிற்கும். அரைகுறைக் கோப்பைத் திறந்தால் 'கரப்ட்' என்று வரும். உடனே வேறு தளத்துக்குத் தாவுகிறார்கள், மாட்டுவது அங்கேதான். அதே தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள், அளவு சரியா பாருங்கள், அப்புறம் போடுங்கள். சரி, ஒருநாள் காத்திருந்தால்தான் என்ன?

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? முதலில் வைஃபையை அணையுங்கள், லேன் ஒயரைப் பிடுங்குங்கள். பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பதற்றத்தில் நீங்களே ஃபார்மேட் மட்டும் செய்துவிட வேண்டாம். மிச்சம் மீதி ஏதாவது மீட்க முடியுமா என்று பார்க்க எங்களுக்கு அந்த டிஸ்க் அப்படியே வேண்டும்.